லாடமும் நால்பந்தும்: நாம் மறந்த ஒரு கைத்தொழிலின் வரலாறு



நம் சமுதாயத்தின் வரலாறு பேசப்படும் மேடைகளிலெல்லாம் குதிரை வாணிகம் தவறாது இடம்பெறுகிறது. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் மரக்கலங்களில் குதிரைகளை ஏற்றி வந்த வணிகர்கள், பாண்டியர் அவையில் உயர் பொறுப்பில் வீற்றிருந்த பெருமக்கள், குதிரைப் படையில் புகழ் பெற்ற இராவுத்தர்கள் எனப் பலரையும் பெருமையோடு நினைவு கூர்கிறோம். ஆனால் அக்குதிரையின் காலைத் தன் மடியில் ஏந்தி, குளம்பைச் சீவி, இரும்பு லாடம் பொருத்தி, ஆணி அறைந்து அதனை நடக்கச் செய்த தொழிலாளியை நாம் நினைப்பதில்லை. வணிகரின் பெயர் ஏட்டில் நின்றது. வீரரின் பெயர் கல்லில் நின்றது. லாடம் கட்டியவரின் பெயர் எங்கும் நிற்கவில்லை. செங்கல்பட்டும் மாமல்லைக் கடற்கரையும் கண்ட நெடிய வரலாற்றினூடே அத்தொழிலாளியைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குதிரைகள் வந்திறங்கிய துறைகள்

தமிழகக் கடற்கரையில் குதிரைகள் வந்திறங்கியது இஸ்லாம் தோன்றுவதற்கு முற்பட்ட செய்தியாகும். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்நூலை இயற்றிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் துறையைக் குறிப்பிடுகிறார். வெண்மையான பிடரிமயிரையுடைய குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொண்டுவந்த கலங்கள் சூழ்ந்த துறை அது. அத்துறை இன்றைய மாமல்லபுரமே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அதனை அடுத்த கடற்கரைப் பகுதியில் இருந்ததென்று கூறுவோரும் உளர். எவ்வாறாயினும் காஞ்சிக்கு உரிய துறை என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் திருமங்கை ஆழ்வாரும் கடல்மல்லைத் துறையில் செல்வம் சுமந்த கலங்கள் நின்றதைப் பாடியுள்ளார்.

சோழர் காலக் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் குறிக்கப்படுகின்றனர். பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. குதிரை வீரனைக் குறிக்கும் இராவுத்தன் என்னும் சொல்லால் அருணகிரிநாதர் முருகப் பெருமானையே விளித்துள்ளார். குதிரையும் அதனோடு வந்த சொற்களும் தமிழரின் சமய இலக்கியத்திலும் கலந்துவிட்டன என்பதற்கு இவை சான்றாகும்.

லாடம் கட்டுவோர் இல்லாத நாடு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மஅபர் என்று அரபுகளால் அழைக்கப்பட்ட நம் சோழமண்டலக் கரைக்கு வந்த வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, குதிரை வாணிகத்தைப் பற்றி எழுதிய செய்தி நம்மை நின்று சிந்திக்க வைப்பதாகும். பாண்டிய அரசர்களான உடன்பிறந்தார் ஐவரும் ஆண்டுதோறும் ஆளுக்கு 2000 அளவில் குதிரைகள் வாங்குவர். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். குதிரையைப் பேணும் முறையை இந்நாட்டார் அறியாமையும், லாடம் கட்டுவோர் இங்கு இல்லாமையுமே காரணம் என்பது அவர் கூற்று. அம்மட்டோடு அவர் நிறுத்தவில்லை. குதிரை கொணரும் வணிகர்கள் லாடம் கட்டுவோரைத் தம்முடன் அழைத்து வருவதில்லை. தாமாக வர முற்படுவோரையும் தடுத்து விடுகின்றனர். குதிரைகள் பிழைத்து விட்டால் அடுத்த ஆண்டு விற்பனை குறைந்து விடுமே என்பது அவர்தம் அச்சம் என்றும் எழுதியுள்ளார்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் லாடம் கட்டுபவரே குதிரை வைத்தியராகவும் விளங்கினார். ஆகவே மார்க்கோ போலோ இல்லை என்று கூறியது ஆணி அறையும் கையை மட்டுமன்று. குதிரையின் நோயறிந்து மருந்து கொடுக்கும் அறிவையும் சேர்த்தேயாகும்.

அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் செய்திகள் இவ்வாணிகத்தின் அளவைக் காட்டுகின்றன. கீஷ் தீவின் தலைவரான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளில் 1400 ஆண்டுதோறும் மஅபருக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரிடம் அமைச்சராக இருந்து, காயல் முதலான துறைகளின் பொறுப்பை வகித்தார். வழியில் கடலில் மடிந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. விசயநகர அரசர் சாளுவ நரசிம்மர், கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலும் விலை கொடுத்தார் என்று போர்த்துகீசியரான நூனிசு எழுதியுள்ளார்.

மார்க்கோ போலோவின் கூற்றை அப்படியே ஏற்க வேண்டுமா? அவர் கண்டதையும் கேட்டதையும் கலந்து எழுதியவர். குதிரைகள் மடிந்தமைக்கு வேறு காரணங்களும் உண்டு. வறண்ட பாலையில் வளர்ந்த விலங்கு நம் கடற்கரையின் வெப்பத்தையும் ஈரக்காற்றையும் தாங்குவது அரிது. இறைச்சி கலந்த சோறு ஊட்டப்பட்டதை மார்க்கோ போலோவும், வறுத்த தானியத்துடன் வெண்ணெய் சேர்த்துக் கொடுக்கப்பட்டதை வஸ்ஸாபும் கூறுகின்றனர். புல் தின்னும் விலங்குக்கு இவை ஏற்ற உணவல்ல. ஆகவே வணிகரின் சூழ்ச்சி ஒன்றே காரணம் என்று கூறுவது முறையாகாது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. குதிரைகள் வந்த நாடுகளில் அக்கலை குறைவின்றி இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அப்பாசிய கலீபாவின் குதிரை இலாயத்தைப் பொறுப்பேற்று நடத்திய இப்னு அகீ ஹிஸாம் குதிரை மருத்துவ நூல் எழுதினார். பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் எகிப்தின் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் இலாயத்தில் பணியாற்றிய அபூபக்கர் இப்னு பத்ர் அல்பைத்தார், அக்கலையின் பெருநூலை ஆக்கினார். நம் நாட்டிலும் சாலிகோத்திரர் பெயரால் வழங்கிய வடமொழிக் குதிரை நூல் பின்னர்ப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அறிவு இரு கரையிலும் இருந்தது. குதிரை ஆயிரக்கணக்கில் கடல் கடந்தது. அதனைப் பேணும் கை மட்டும் போதிய அளவில் கடக்கவில்லை. விற்ற பொருளைக் காக்கும் வழியை வாங்கியவரிடமிருந்து மறைப்பது நேர்மையான வாணிகம் ஆகாது. நம் முன்னோரின் வாணிகப் பெருமையைப் பேசும்போது இக்குற்றச்சாட்டையும் அறிந்து பேசுவதே உண்மைக்கு உகந்ததாகும்.

சொல்லும் தொழிலும்

அரபியில் நஅல் என்றால் காலணி. குதிரைக்கு அணிவிக்கும் இரும்புக்கும் அதுவே பெயர். பாரசீகத்திலும் உருதுவிலும் அது நால் என வழங்கியது. அதனைக் கட்டுபவர் நால்பந்து ஆனார். கர்நாடகம், மராட்டியம் ஆகிய பகுதிகளில் நால்பந்து என்னும் பெயருடைய முஸ்லிம் தொழிற்குடியினர் உள்ளனர். குடும்பப் பெயராகவும் அது நிலைத்துள்ளது. குதிரை மருத்துவர் பைத்தார் எனப்பட்டார். தமிழில் நாம் லாடம் என்கிறோம். லாடம் கட்டுதல், லாடம் அடித்தல் என்று இருவகையாகவும் வழங்குகிறோம்.

அக்பர் பாதுஷாவின் ஆட்சி முறையைத் தொகுத்துரைக்கும் ஆயினே அக்பரி, அரசு இலாயத்தின் பணியாளர் வரிசையில் பைத்தாரையும் நால்பந்தையும் தனித்தனியே குறிக்கிறது. ஆண்டுக்கு இருமுறை லாடம் கட்டப்பட்டது என்றும், நான்கு கால்களுக்கும் சேர்த்து முன்பு எட்டு தாம் என்றிருந்த கூலி பத்து தாமாக உயர்த்தப்பட்டது என்றும் அந்நூல் கூறுகிறது. ஓர் எளிய தொழிலாளியின் கூலி உயர்வு பேரரசின் ஏட்டில் பதிவாகியிருப்பது அரிய செய்தியன்றோ!

அரசியல் சொல்லகராதியிலும் லாடம் புகுந்தது. படையெடுப்பின் தொடக்கத்தில் சொந்தக் குதிரையோடு வரும் வீரர்களுக்கு மராட்டியர் கொடுத்த முன்பணத்துக்கு நால்பந்தி என்று பெயர். ஒரு நாட்டைக் கொள்ளையிடாமல் விட்டுச் செல்வதற்காகப் படைத்தலைவர் பெற்ற கப்பத்துக்கு நால்பஹா, அதாவது லாடத்தின் விலை, என்று பெயர். நால்பந்துக்குச் சேர வேண்டிய பெயரில் எவரெவரோ பணம் பெற்றனர் என்றே கூறத் தோன்றுகிறது.

தொழிலின் நுட்பம்

லாடம் கட்டுதல் காண எளியது, செய்ய அரியது. குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போன்றது. மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். காட்டில் திரியும் குதிரைக்கு வளர்ச்சியும் தேய்மானமும் ஒத்துப்போகும். பாரம் சுமந்து கல் பாவிய சாலையில் ஓடும் குதிரைக்கோ வளர்வதினும் தேய்வதே மிகுதி. அதனால் இரும்பு வேண்டப்பட்டது. இரும்பு பொருத்தியபின் குளம்பு தேயாது வளர்ந்து கொண்டே போகும். ஆகவே நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மீண்டும் கட்ட வேண்டும்.

தொழிலாளி முதலில் குதிரையை நடக்க விட்டுப் பார்ப்பார். எக்காலை மெல்ல ஊன்றுகிறது, எப்பக்கம் தேய்ந்துள்ளது என்பதைக் கண்ணாலும் காதாலும் அறிவார். பின்னர் காலை மடக்கித் தம் தொடைகளுக்கிடையே வைத்து, குறடால் பழைய ஆணிகளை நீக்கி, கத்தியாலும் அரத்தாலும் குளம்பைச் சமன் செய்வார். அடியிலுள்ள முக்கோண வடிவான மெத்தென்ற பகுதியைப் புண்படுத்தலாகாது. அது அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்பு. லாடம் குளம்புக்கு ஏற்ப வளைக்கப்பட வேண்டுமேயன்றி, லாடத்துக்கு ஏற்பக் குளம்பை வெட்டலாகாது. இத்தொழிலின் முதல் விதி இதுவே.

ஆணி அறைவதே உயிரான கட்டம். ஒரு லாடத்துக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு ஆணிகள். குளம்பின் வெளிச்சுவரில் உணர்ச்சியில்லை. அதனை ஒட்டிய உட்பகுதியில் இரத்தமும் நரம்பும் உண்டு. இடையிலுள்ள சில மில்லிமீட்டர் அகலத்தில்தான் ஆணி ஏற வேண்டும். ஆணியின் நுனி ஒரு பக்கம் சரிவாக அமைக்கப்பட்டிருக்கும். அறையும்போது அது வெளிநோக்கி வளைந்து சுவரைத் துளைத்து வெளிவரும். அந்நுனியை முறித்து மடக்கி அரத்தால் தேய்ப்பர். சரியான இடத்தில் ஏறும் ஆணியின் ஓசை வேறு. தவறான இடத்தில் ஏறும் ஆணியின் ஓசை வேறு. மயிரிழை தவறினால் சீழ் கட்டும், குதிரை நொண்டும், அதனை நம்பிய குடும்பத்தின் அடுப்பு அணையும்.

திருக்குர்ஆனின் 100ஆம் அத்தியாயமான அல்ஆதியாத், விரைந்தோடும் குதிரைகளின் குளம்படியில் தீப்பொறி பறப்பதைச் சான்றாக்கிப் பேசுவதை நாமறிவோம். அக்குளம்பின் மதிப்பை நேரில் அறிந்தவர் இத்தொழிலாளியே.

செங்கல்பட்டுச் சீமையில்

பதினெட்டாம் நூற்றாண்டில் நம் பகுதி குதிரைப் படைகளின் களமாயிற்று. 1752இல் கிளைவ் கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். 1763இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கினார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். மைசூரின் குதிரைப் படை இச்சீமை முழுவதும் சுழன்று திரிந்தது. மறு ஆண்டு சர் அயர் கூட் செங்கல்பட்டு வழியாகப் புறப்பட்டுக் கருங்குழிக் கோட்டையைப் பிடித்தபோதிலும், போதிய குதிரைகளும் பாரம் இழுக்கும் காளைகளும் தானியமும் இன்றி இடர்ப்பட்டார். போரின் போக்கைப் பீரங்கி மட்டும் தீர்மானிக்கவில்லை. அதனை இழுத்த கால்களும் தீர்மானித்தன. இரு தரப்பிலும் அக்கால்களைப் பேணியவர்கள் இருந்திருப்பர். போர் வரலாறுகள் அவர்களைப் பேசுவதில்லை.

கும்பினியார் ஆட்சி நிலைத்தபின், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிமலை, பல்லாவரம், பூவிருந்தவல்லி ஆகிய இடங்களில் படை முகாம்கள் அமைந்தன. பரங்கிமலை பீரங்கிப் படையின் தலைமையிடம். குதிரைகள் அப்போது ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரத் தொடங்கின. சென்னையில் துறைமுகம் கட்டப்படாத அக்காலத்தில், ஆஸ்திரேலியக் குதிரைகள் கரையிறக்கப்படும் காட்சியை மசூலாப் படகுகளோடும் கட்டுமரங்களோடும் ஜே. பி. ஈஸ்ட் என்பார் 1834 அளவில் ஓவியமாகத் தீட்டியுள்ளார். சங்க காலத்தில் வெண்பிடரிக் குதிரை இறங்கிய அதே கடற்கரையில், இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னரும் குதிரை இறங்கிக் கொண்டிருந்தது.

அதன்பின் ஜட்கா வண்டிகளின் காலம் வந்தது. இரயில் நிலையங்களின் வாயிலில் வரிசையாக நின்ற அவ்வண்டிகளை நம் முதியவர்கள் இன்றும் நினைவு கூர்வர். ஓட்டியவர்களில் முஸ்லிம்கள் பலர். தார்ச்சாலையில் நாள்தோறும் ஓடும் ஜட்காக் குதிரைக்கு லாடம் இன்றியமையாதது. ஆதலின் வண்டி நிலையம் உள்ள ஊர்தோறும் லாடம் கட்டுபவருக்குப் பிழைப்பு இருந்தது.

காளைக்கும் லாடம்

குதிரையைவிட எண்ணிக்கையில் மிகுந்தவை வண்டிக் காளைகளே. நெல்லும் உப்பும் விறகும் கருங்கல்லும் சென்னைக்குச் சென்றது அவற்றின் தோளில்தான். காளையின் குளம்பு பிளவுபட்டது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடு. ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடு. குதிரை நின்றபடியே காலைக் கொடுக்கும், காளை கொடுக்காது. கயிறு கட்டிச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துப் பிணைத்து, ஒருவர் தலையை அழுத்திக் கொள்ள மற்றொருவர் அடிக்க வேண்டும். சந்தை நாள்களிலும் சாலையோர மரநிழலிலும் நடந்த இத்தொழிலுக்குக் கடையில்லை, பெயர்ப்பலகையில்லை. சுத்தி, குறடு, அரம், உளி, ஆணிப்பை ஆகியவற்றைக் கொண்ட ஒரு மூட்டையே முதலீடு. தொழிலும் தனித்து இயங்கவில்லை. தகடு அடிக்கும் கொல்லர், வண்டி செய்யும் தச்சர், மாடு பிடிக்கும் கூலியாள் எனச் சமயம் கடந்த பல குடும்பங்கள் அதனைச் சார்ந்து வாழ்ந்தன. லாரியும் டிராக்டரும் பெருகப் பெருக, அவ்வொழுங்கு முழுவதும் ஒருசேரக் கலைந்தது.

சட்டமும் இன்றைய நிலையும்

கால்நடை மருத்துவத்தை முறையாகக் கற்பிக்கும் கல்லூரி 1903இல் சென்னை வேப்பேரியில் தொடங்கப்பட்டது. பைத்தாரின் அறிவு அதன்வழியே பட்டப்படிப்பாயிற்று. நால்பந்தின் கைத்திறனோ தந்தையிடமிருந்து மகன் கற்பதாகவே தொடர்ந்தது. ஒரு காலத்தில் ஒருவரிடமே இருந்த இரு கலைகள் பிரிந்தன. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், லாடம் கட்டுவோருக்கு உரிமம் வழங்குவதற்கென்றே 1965இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. பயிற்சியற்ற கையால் விலங்கு துன்புறக்கூடாது என்பதே அவற்றின் கருத்து. இத்தகைய விதிகள் உள்ளன என்பதே தொழில் செய்வோரில் பலருக்கும் தெரியாது.

இன்று இத்தொழிலுக்கு எஞ்சியுள்ள இடங்கள் சில. காவல்துறையின் குதிரைப் படை, குதிரையேற்றப் பயிற்சி நிலையங்கள், திருமண ஊர்வலக் குதிரைகள், மெரினா முதல் மாமல்லபுரம் வரையிலான கடற்கரைகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகள் ஆகியனவே அவை. நெடுங்காலம் பந்தயக் குதிரைகளின் களமாயிருந்த கிண்டி மைதானத்தின் குத்தகையைத் தமிழக அரசு 2024இல் இரத்துச் செய்தது.

கடற்கரைக் குதிரைகளின் நிலை நம் கவனத்துக்குரியது. மணலில் மட்டும் நடக்கும் குதிரைக்குக் குளம்பைச் சீராகச் சீவினாலே போதும். ஆனால் இலாயத்திலிருந்து கரைக்கு வரத் தார்ச்சாலையைக் கடக்க வேண்டும். ஓயாத ஈரம் குளம்பை மென்மையாக்கும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். செலவைக் கருதி ஆறு வாரத்தை மூன்று மாதமாக நீட்டினால், வளர்ந்த குளம்பு காலின் நரம்பையே இழுத்துக் கெடுக்கும். வருவாய் குன்றிய காலத்தில் குதிரைக்காரர் முதலில் நிறுத்துவது லாடக் கூலியையே. பிற்பாடு பெருஞ்செலவில் முடிவதும் அதுவே. தொழில் செய்பவருக்கோ வாடிக்கையாளர் பத்துப் பேர் நிலையாக இருந்தால் மாதந்தோறும் வருவாய் உண்டு; அவர்கள் தள்ளிப் போட்டால் அடுத்த தலைமுறை கருவிப் பையைத் தொடாது. ஒன்றையொன்று நம்பிய இரு பிழைப்புகள் இவை.

நாம் செய்யக் கூடியது

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இக்கரையில் லாடம் கட்டுவோர் இல்லை என்று எழுதினார். அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் அக்கலை இங்கு வேரூன்றி, குதிரைக்கும் காளைக்கும் பயன்பட்டு, பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. இப்போது மீண்டும் அக்கூற்று மெய்யாகிவிடும் நிலை நெருங்குகிறது. முன்பு அறிவு இங்கு வந்து சேராமையால் ஏற்பட்ட குறை அது. இப்போது வந்து சேர்ந்ததைப் பேணாமையால் ஏற்படவிருக்கும் குறை.

ஜமாஅத்தின் பழைய சந்தா ஏடுகளிலும் திருமணப் பதிவேடுகளிலும் முன்னோரின் தொழில் குறிக்கப்பட்டிருக்கக் கூடும். ஜட்கா ஓட்டியவர், லாடம் கட்டியவர், குதிரை பேணியவர் என எவர் பெயரேனும் கிடைத்தால், அவற்றைத் தனியே எழுதி வைப்போம். வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் குறடும் அரமும் எவருடையவை என்று பெரியவர்களிடம் கேட்டறிந்து குறித்துக் கொள்வோம். இன்னமும் இத்தொழிலில் உள்ளோரின் பிள்ளைகளுக்குக் கால்நடைத் துறையின் பயிற்சியும் உரிமமும் கிடைக்க வழிகாட்டுவோம். குதிரை வைத்துப் பிழைக்கும் சகோதரர்கள் லாடக் கூலியைத் தள்ளிப் போடாதிருக்க எடுத்துரைப்போம்.

வணிகரையும் வீரரையும் போற்றிய நம் வரலாற்றில், குனிந்த முதுகோடு குளம்பேந்திய அம்மனிதருக்கும் ஓரிடம் அளிப்பது நம் கடமையாகும். வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் துணை நிற்பானாக! வஸ்ஸலாம்.